இடது காலில் சிவப்பு ரிப்பன்

மயிலாப்பூர்
8-3-1998

பேரன் முத்துகிருஷ்ணனுக்கு ஆச்சி எழுதுகிறேன்.

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு மறந்துபோச்சு என்று நீ சொல்லக்கூடாது. நீ. மெக்கானிக் மெஹபூப் அலி பாய். வாட்ச்மேன் சின்னப்பையன், பேர்தான் சின்னப்பையன், வயது அறுபது. போட்டோ எடுக்க ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்த கிரீஷ். வண்டி ஓட்டிப் பார்க்க வந்த காலேஜ் பையன் ஸ்ரீநாத். அவன் தங்கை ஸ்நேஹா, மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். ஆக ஆறு பேர். 1996 பிப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி.

இரண்டு வருஷத்துக்கு முந்தியதை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பாய். நான் கிளறவில்லை. ராஜாளி மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காரன் கிளறுகிறான். போன வாரம் டை கட்டிக்கொண்டு ஒருத்தன் வந்தான். "பாட்டியம்மா, உங்க வண்டிய போலீஸ்காரரும் பால்காரரும்தான் வாங்கறாங்க. காலேஜ் பசங்க உள்ள வரணும். ஞாயித்துக்கிழமைல சும்மா ஓட்டிப் பாக்கக் குடுங்க. ஆறு மாசத்துல பசங்க வரலைன்னா ஏஜென்சிய வேற ஆளுக்கு மாத்திடுவோம்" என்றான். வண்டியைச் செய்கிறவன் அவன், விற்காவிட்டால் மட்டும் அது என்னுடையதாம்.

உன் தாத்தா வெள்ளைச்சாமி தூத்துக்குடியிலிருந்து வந்து நாற்பது வருஷம் நடத்திய கடை. உன் அப்பனும் போன பிறகு நான்தான் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது ஐயா. ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டாலே களைப்பாக இருக்கிறது. நீ மஸ்கட்டை விட்டுவிட்டு வா. வந்து அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நீயே நடத்து. அது உன் யோசனைதானே முதலில்?

ஒன்று. மெஹபூப் பாயைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மட்டும் எழுதாதே. தாத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. மற்ற வண்டிக்கெல்லாம் பிரேக் வலது காலில். நம் ராஜாளிக்கு இடது காலில் பிரேக், வலது காலில் கியர். அதனால் முதல்முதலாக ஏறுகிறவன் யாராக இருந்தாலும், பாய் தரையில் குந்தி அவன் இடது காலில் சிவப்பு ரிப்பன் கட்டுவார். ரிப்பன் கட்டின கால்தான் வண்டியை நிறுத்துகிற கால் என்பார். அன்றைக்கு ரிப்பன் இல்லாமல் அந்தப் பையன் ஸ்ரீநாத்தை அனுப்பினார். குளத்து மூலையில் தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. பழக்கத்தில் வலது காலை ஓங்கி மிதித்தான். கியர் மாறியதே தவிர வண்டி நிற்கவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் அவன் மாட வீதியில் சாய்ந்து சாய்ந்து நடந்து போகிறான். நான் உள்ளே திரும்பிக்கொள்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர் என்பதற்காக விட முடியுமா? நாலு பேர் முன்னால் அன்றைக்கே வெளியே அனுப்பினேன். ஒரு வார்த்தை பேசாமல் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போனார். பேச என்ன இருக்கிறது?

உன் அம்மா தேவானைக்கு மூட்டுவலி. முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுக்கிறேன், குடிக்கமாட்டேன் என்கிறாள்.

உன் ஆச்சி

மஸ்கட்
27-3-1998

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கோணல் எழுத்தாக இருந்தாலும் நீங்களே எழுதியது என்பதால் இரண்டு முறை படித்தேன். இங்கே இப்போதே வெயில் கொதிக்கிறது. உதிரிபாகக் கிடங்கில் நாள் முழுவதும் நிற்கிறேன். சாயங்காலம் ரூமுக்கு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தோன்றுவதில்லை.

அந்தக் கம்பெனிக்காரர் சொல்வதில் தப்பில்லை ஆச்சி. பசங்களுக்கு ராஜாளியைப் பிடிக்கும். தூரத்தில் அதன் சத்தம் கேட்டாலே பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏறத்தான் பயம். கனம், உதைக்கிற கிக்கர், மாறிக் கிடக்கும் கியர். அந்தப் பயத்தைப் பேசிப் போக்க முடியாது. பாய்தான் போக்குவார். ஒரு பெரியவர் காலடியில் உட்கார்ந்து ரிப்பன் கட்டினால் எந்தப் பையனுக்கும் விளையாட்டுப் புத்தி போய்விடும். அவர் இல்லாமல் நான் ஓட்டம் நடத்த மாட்டேன்.

இன்னொன்று எழுத வேண்டும். எப்படி எழுதுவதென்று மூன்று நாள் யோசித்தேன். நீங்கள் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். சுடிதாரின் நிறம்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஏழு பேர் ஆச்சி. பாய் ரிப்பனை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்போது மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது என்ன சொன்னது என்று நான் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

போலீஸ் கேட்டபோது, நான்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை. பாய்க்காகத்தான் வருத்தம்.

அம்மாவுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

உங்கள்
முத்து

மயிலாப்பூர்
12-4-1998

முத்துகிருஷ்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு தேவானை பார்ப்பாளே என்று பொறுக்கி அடுப்பில் போட்டேன்.

எண்ணத் தெரியாதவள் என்று நினைத்தாயா? மூன்றாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் உன் தாத்தா என்னைப் பெண் பார்க்க வந்தபோது வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். எனக்கு நீ கணக்குச் சொல்லித்தர வேண்டாம்.

நீ வரவேண்டாம். கடை போனால் போகட்டும். தைலம் வந்தது.

ஆச்சி

மயிலாப்பூர்
31-5-1998

ஐயா முத்து,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். கோபம் இருந்தால் இருக்கட்டும், இதைப் படித்துவிடு.

போன செவ்வாய்க்கிழமை பாய் வீட்டுக்குப் போனேன். ஐஸ் ஹவுஸ் பக்கம், மகள் வீட்டு மாடி. பதினாலு படி. நடுவில் இரண்டு தடவை நின்றேன். "அம்மா! நீங்க இன்னாத்துக்கு மாடி ஏறி வந்தீங்க? சொல்லியனுப்ச்சிருந்தா நானே வந்திருப்பேன்ல?" என்று பதறிக்கொண்டு, நான் உட்காரக் கோரைப்பாயை உதறிப் போட்டார்.

மடியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். அந்தச் சிவப்பு ரிப்பன். இரண்டு வருஷமாக என் மேஜை டிராயரில், குங்குமச் சிமிழுக்கு அடியில் கிடந்தது. தினமும் டிராயரைத் திறக்கிறேன், மூடுகிறேன். அதன் மேல் எதையாவது நகர்த்தி வைத்துவிடுவேன்.

"தெரியும்மா. நீங்க உள்ள போட்டத நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார்.

"பிறகு ஏன் பாய் வாயைத் திறக்கலை? நான் உங்களைத் திட்டி அனுப்பினேனே."

"நாலு பேரு முன்னால எப்டிம்மா சொல்றது? அதுவுமில்லாம, கட்டாம உட்டது என் கைதானே? நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கினேன். கேட்டிருக்கக் கூடாது."

திரும்ப வாருங்கள் என்றேன். "முட்டி போச்சும்மா. குந்தினா எழுந்துக்க முடியல. மனசுல ஒண்ணும் வெச்சிக்கல, அல்லா மேல ஆணை. ஆனா வரமாட்டேன்" என்றார். மகள் டீ கொண்டு வந்தாள். குடித்தேன். ரிப்பனை மடித்து என்னிடமே கொடுத்தார்.

ஸ்ரீநாத் வீட்டுக்கும் போனேன். "அவன் ஆத்துல இல்லை" என்று அவன் அம்மா வாசலிலேயே சொன்னாள். உள்ளே அவன் குரல் கேட்டது. நான் வந்துவிட்டேன். அவள் செய்தது சரி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்காரன் போர்டு வைத்துவிட்டுப் போனதில் மூன்று பையன்கள் வந்தார்கள். ஒருத்தன் வண்டியைத் தட்டிப் பார்த்து, "மச்சி, இது எருமைடா" என்றான். "எருமைதான், ஆனா உன்னை எங்கேயும் நடுவழியில விடாது" என்றேன். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டான். சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனாலும் போகவில்லை.

அவன் ஏறியதும் நான் தரையில் உட்கார்ந்தேன். அவன் இடது காலைப் பிடித்தேன். துள்ளிக் குதித்துவிட்டான். "ஐயோ பாட்டி, நீங்க என் கால தொடக் கூடாது! பாவம் வரும்!" என்றான். வயசில் மூத்தவள் தன் காலைத் தொட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? "பாவத்தை நான் பார்த்துக்கிறேன், நீ காலைக் காட்டு" என்றேன். கட்டினேன். இரண்டு முடிச்சு போட்டேன். பிறகு அந்தப் பையன் சிரிக்கவே இல்லை. இடது காலைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். குளத்தைச் சுற்றிப் பத்திரமாகத் திரும்பி வந்தான். சின்னப்பையன்தான் என்னைக் கைகொடுத்துத் தூக்கி விட்டான்.

பிறகு வந்த கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த வருஷ வண்டியில் கியரை இடது பக்கம் மாற்றப் போகிறார்களாம், இளைஞர்களுக்காக. அப்புறம் ரிப்பனே வேண்டாமாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றியிருக்கலாமே என்றேன். சிரித்தான். ஏஜென்சி இருக்குமா போகுமா என்று கேட்கத் தெம்பில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா என்பதே தெரியவில்லை. உனக்கு மனசு இருந்தால் வா. எனக்காக வர வேண்டாம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பாய் ரிப்பனோடு குனிந்தார். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். மேஜையிலிருந்து நான் சொன்னேன்: "காலில் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். போட்டோவில் இதைப் பார்த்தா எந்தப் பையன் வாங்க வருவான்? கட்டாம இப்படிக் கொடுங்க பாய்." "அம்மா, இவரு ஜப்பான் வண்டி ஓட்டிப் பழகினவரு." "படிச்ச பையன், வாயால் சொன்னா போதும்." இவ்வளவுதான். ஒரு எழுத்து மறக்கவில்லை.

கீழே விழுந்தவனைத் தூக்காமல் போட்டோ எடுத்த கிரீஷை இத்தனை நாள் வைதுகொண்டிருந்தேன். விட்டுவிட்டேன். வண்டி விழுந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்த சின்னப்பையனை விட்டுவிட்டேன். எல்லாம் தெரிந்தும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு, பிறகு கடல் தாண்டி இருந்து எழுதினாயே, அந்த உன்னையும் விட்டுவிட்டேன். ஸ்ரீநாத்தும் அவன் தங்கையும் ஒரு தப்பும் செய்யவில்லை. பாயை மன்னிக்க நான் யார்?

ஏழாவது ஆளை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெயர் கீழே இருக்கிறது.

வெ. இசக்கியம்மாள்