கப்பல் ஏறாதே, அந்த ஹோட்டலிலேயே இரு

இரத்தினபுரி,
1935ஆம் வருடம் ஜனவரி மாதம் 19.

அன்பு மகன் முக்தாருக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் றஸ்மியாவும் பேத்தி ஸாஹிராவும் அந்தக் கடற்கரை ஊரில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம், அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வராதே, அங்கேயே இரு என்று முந்தாநாள் ஹோட்டல் விலாசத்துக்கு நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். வாப்பாவுக்கு என்ன கோபமோ என்று நீ நினைத்திருப்பாய், கோபமில்லை மகன், பயம். தந்தியில் காரணம் சொல்ல முடியாது, தபால் கந்தோரில் நாலு பேர் வாசிப்பார்கள், அதனால் இதில் எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு எழும்பு, பாதியில் எழும்பிப் பெட்டி கட்டாதே.

உன் கடிதமும் படமும் பெருநாளைக்கு முந்தி வந்தன. பாரிஸ் குளிர் றஸ்மியாவின் நெஞ்சுக்கு ஆகாது, தெற்கே நீஸ் என்ற ஊரில் கடலைப் பார்த்த ஹோட்டலில் மூன்று பேரும் ஜனவரி முடிவு வரை தங்குகிறோம், அதன்பின் மார்ஸேல்ஸில் கப்பல் ஏறித் தங்கச்சி ரஹ்மாவின் நிக்காஹ்வுக்கு வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாய். சுவரில் குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் வருவதையும், ஒரு பெட்டிக்குள் நின்றால் அது மாடிக்கு ஏறுவதையும், தேத்தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் பாண்ட் வாசிப்பதையும், வெயிலுக்குப் பயந்து நாம் ஒதுங்குகிற மாதிரி அல்லாமல் வெள்ளைக்காரர் வெயிலைத் தேடிப் போய்க் கல்லின்மேல் பாய் போட்டுப் படுப்பதையும் கடையில் உரக்க வாசித்தேன். நம்முடைய சாலி நானா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கடலப் பாக்கவும் சல்லி குடுக்கிறானா ஒங்கட மகன்? பேருவளைக்குப் போனா சும்மா பாக்கேலுமே” என்று சொல்ல, கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன. கல் விற்கப் போன பயல் சீமான் மாதிரிக் கடற்கரையில் குடும்பத்தோடு சாய்ந்து கிடக்கிறானே என்று. துணியை மூட்டை கட்டிச் சுமந்து தோட்டம் தோட்டமாக நடந்து விற்று இந்தத் துணிக்கடைக்கும் கல் வியாபாரத்துக்கும் வந்தவன் நான், சும்மா இருப்பதற்குக் காசு கொடுப்பது எனக்குப் புரியாத வியாபாரம். அதே நான்தான் இப்போது சொல்கிறேன், அந்த ஹோட்டலை விட்டு அசையாதே.

இங்கே மலேரியாக் காய்ச்சல். உங்களூர்ப் பத்திரிகையில் ஒரு வரி வந்திருக்கலாம், ஒரு வரியில் அடங்குகிற காரியமில்லை. போன வருடம் மழை பொய்த்தது உனக்குத் தெரியும். களு கங்கை வற்றி மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது, பிள்ளைகள் அதில் விளையாடினார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் குட்டையெல்லாம் நுளம்பு, இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற கொசு. மாணிக்கக் குழிகளிலும் வேலை நின்று தண்ணீர் தேங்க, அங்கேயும் நுளம்பு, அரசாங்கத்து ஆட்கள் வந்து எண்ணெய் ஊற்றிப் போகிறார்கள். குழியில் இறங்க ஆளில்லை. நம் குழியில் வேலை செய்த பண்டா ஒருநாள் கூலி கேட்க வந்தவன், “உண, மஹத்தயா” என்று காய்ச்சலைச் சிங்களத்தில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வாசற்படியில் சாய்ந்துவிட்டான், வண்டி பிடித்துத்தான் அனுப்பினேன். கேகாலைப் பக்கம் இன்னும் மோசம், கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர், மிச்சப் பேர் விறாந்தையில் பாயில் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தோட்டத்துக் கங்காணி வேலுசாமி துணி எடுக்க வந்தார், வழக்கமாக விலை பேசி என் உயிரை எடுக்கிற மனிதர், கேட்ட விலையை வைத்துவிட்டு மையித்துக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியை மட்டும் வாங்கினார். என்ன கங்காணி இது என்றேன். “தோட்டத்துலயாச்சும் கொயினா மருந்து குடுக்குறாங்க மொதலாளி, நாட்டுப் பக்கம் போய்ப் பாருங்க, அடுப்புப் பொகையே காணோம்” என்றார். பெருநாள் தொழுகைக்குப் பள்ளியில் பின்வரிசைகள் இல்லை. இதையெல்லாம் மிகைப்படுத்தி எழுதுகிறேன் என்று நினைக்காதே, குறைத்துத்தான் எழுதுகிறேன்.

பெரியவர்கள் கிடந்து எழும்புகிறார்கள், சிறுசுகள்தான் தாங்குவதில்லை. நம் கடையில் கணக்குப் பார்க்கிற காமிலுக்கு ஒரு மகள் இருந்தாள், நம் ஸாஹிராவுக்குக் கொஞ்சம் மூப்பு, போன வாரம் வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். வீட்டில் இரு என்று சொல்லியும் கேட்காமல் மறுநாள் கடைக்கு வந்து, வேலை எதுவும் செய்யாமல் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நீ அனுப்பிய படம் கண்ணாடி அலுமாரியில் சாத்தி வைத்திருந்தது, அதை எடுத்துப் பார்த்தான். அதில் பேத்தி கடற்கரைக் கூழாங்கல் ஒன்றை இரண்டு விரலில் பிடித்து ஒரு கண்ணை மூடி வெயிலுக்கு நேரே பார்க்கிறாளே, கல் வியாபாரியின் இரத்தம் என்று ஊர் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்ட படம். காமில் அதைத் திரும்ப வைத்துவிட்டு, “மொதலாளி, இவள அங்கயே வெச்சிக்கச் செல்லுங்கோ” என்றான். மறுபடி தராசைத் துடைக்கப் போனான். அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பயம் முதலில் வந்தது. பேத்தி அந்த நாட்டில் பிறந்தவள், ஒரு நுளம்பு கடித்தறியாத உடம்பு, இந்த ஊரிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே விழும்போது அவள் எந்த மூலைக்கு.

இனி உன் உம்மாவின் விஷயம். ஒளிக்கப் போவதில்லை, வேறு யாராவது எழுதி நீ அறிவதைவிட நான் எழுதுவது நல்லது. அவளுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் பிடிக்கிறது, வீட்டிலுள்ள போர்வையெல்லாம் போட்டாலும் கட்டில் ஆடுகிறது, பின் நெருப்பாய்க் காய்ந்து வேர்த்து ஓய்கிறாள். டாக்டர் வந்து பார்த்தார், கொயினா கொடுக்கிறோம், வயிற்றில் தங்கவில்லை. நோன்பில் வந்த உடல் மெலிவு வேறு. நல்ல மாதிரி என்றும் சொல்லமாட்டேன், நம்பிக்கை இல்லை என்றும் சொல்லமாட்டேன், டாக்டரும் அதற்கு மேல் சொல்லவில்லை. உன் சாச்சி வந்து பக்கத்திலே இருக்கிறாள், நல்ல மனசுக்காரி, அக்காவுக்குத் தங்கச்சி செய்யவேண்டியதை எல்லாம் செய்கிறாள், வாய் மட்டும் ஓயாது. “மகனுக்குத் தந்தி அடிங்கோ மச்சான், தாய்ட மொகத்தப் பாக்க வாணாமா அவனுக்கு? கடல்கரைல குந்திக்கிட்டு இரிக்கிற நேரமா இது?” என்று எல்லார் முன்னாலும் கேட்கிறாள். பள்ளியிலும் கேட்கிறார்கள். வராமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா, இந்த ஊரில் பேரை வைத்துத்தானே வியாபாரம். வா என்று தந்தி எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்தும்விட்டேன். போகுமுன் உம்மாவிடம் ஒரு சொல் கேட்டுப் போவோம் என்று அறைக்குள் போனேன், அறை நிறையப் பெண்கள். கல் வியாபாரிகள் நாங்கள் கைமேல் துணியைப் போட்டு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை, கலியாணமான புதிதில், “ரெண்டு ஆம்புளயளும் துணிக்குள்ள என்னத்தத்தான் தேடுறீங்க” என்று கேலி செய்தவள் அவள். பிறகு அதையே பழகிக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால் சோறு காணாது என்பதைக்கூட என் கையைப் பிடித்தே சொல்லிவிடுவாள். அன்றைக்கு நான் கட்டிலில் உட்கார்ந்து, முக்தாரை வரச்சொல்லித் தந்தி அடிக்கவா என்று எல்லாரும் கேட்கத்தான் கேட்டேன். “ஒங்கட விருப்பம்” என்று வாயால் சொன்னாள், “பாத்தீங்களா மச்சான்” என்றாள் சாச்சி. ஆனால் போர்வைக்குள் என் கையைத் தேடிப் பிடித்து, விலை கட்டாதபோது நாங்கள் செய்கிற மாதிரி, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளங்கைக்குள் வைத்து, கையைத் தள்ளிவிட்டாள். விளங்காமல் செய்கிறாளோ, காய்ச்சல் வேகமோ என்று கையை மறுபடி விரித்து வைத்தேன். மறுபடி மடக்கினாள். அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது மகன். ஆட்கள் போனபின் கேட்டேன், அப்போது சொன்னாள், “அந்தப் புள்ள கல்லுப் பொறுக்குது. பொறுக்கட்டும். இங்க வந்தா நான் அவளப் பாக்கிறது ஒரு நாள், அவள் கெடக்கிறது எத்தின நாளோ.” சட்டைப்பையிலிருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தந்தி எழுதினேன், அதுதான் உனக்கு வந்தது.

இதை வாசிக்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், நான் வளர்த்த மகன்தானே. பெண்ணையும் பிள்ளையையும் ஹோட்டலில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்வருகிறேன் என்று தோன்றும். வேண்டாம். பாஷை தெரியாத ஊரில், அறைக்கு வெளியே வரவே வெட்கப்பட்டு ரொட்டியும் முட்டையும் தின்று உம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுகிறாள் என்று நீயே எழுதிய றஸ்மியாவைத் தனியே விட்டால், அடுத்த கப்பலில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே ஏறுவாள். அவளை ஏசாதே. அவளுடைய வாப்பா ஓப்பநாயக்கவிலிருந்து ஆள் அனுப்பினார், அங்கே வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது, உயிருக்குச் சேதமில்லை, “எண்ட புள்ளய இப்ப கூட்டிட்டு வர வாணாம், நானே செல்லியதாக எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டார். அதை அவளுக்கு வாசித்துக் காட்டு. ரஹ்மாவின் நிக்காஹ் தள்ளிப் போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டிலும் படுக்கை, அவர்களுக்கும் இதில் மனக்குறை இல்லை. இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. உம்மாவைப் பற்றி வேறு விதமாய்ச் செய்தி வந்தால் அதற்கும் புறப்படாதே. நீ வந்து சேரும் முன் எல்லாம் முடிந்திருக்கும், அவளுக்காக யாசீன் சூரா ஓதுவதற்குக் கடல் தடையில்லை. இதைச் சொல்ல ஒரு வாப்பாவுக்கு வாய் எப்படி வந்தது என்று கேட்டால், அவளே மடக்கிய கைதான் இதை எழுதுகிறது.

இனி இருக்கவேண்டிய விதத்தைப் பார். செலவுக்குப் பயந்து மலிவு விடுதி தேடாதே, ஹோட்டலிலேயே டாக்டர் இருக்கிறார், தண்ணீர் சுத்தம் என்று எழுதியிருக்கிறாய், அது போதும். இரண்டு மூன்று மாதம் இருக்கப்போகிறேன் என்று முகாமையாளனிடம் முன்கூட்டிச் சொல், நாள் வாடகை பேசாதே, குளிர்காலத்துக்கு வந்த சீமான்கள் கலைந்தபின் அறை காலியாகத்தான் கிடக்கும், அவனாகவே இறங்கிவருவான். ரஹ்மாவுக்கென்று எடுத்துவைத்த நீலக்கல் உன்னிடம் இருக்கிறது, அதை விற்றுச் செலவழி, அவளைக் கேட்டுவிட்டேன், “நானாவுக்கு அனுப்புற கடிதத்துல மொதல்ல அத எழுதுங்கோ” என்றாள். ஆனால் இராச்சாப்பாட்டு மண்டபத்து வெளிச்சத்தில் காட்டாதே, காலையில் ஜன்னலோரம் வைத்துக் காட்டு, எங்கள் கல் பகலுக்குப் பயப்படாது. றஸ்மியாவைக் கடற்கரையில் உட்காரச் சொல், முக்காட்டோடு உட்காரட்டும், அங்கே பார்த்துப் பேச இரத்தினபுரி ஆள் ஒருவருமில்லை, வெயில் பட்டால்தான் நெஞ்சு ஆறும். மீன் கிடைக்குமே, மீன் தின்னச் சொல். பேத்தி தண்ணீர் ஓரம் போகும்போது கையை நீ பிடி, கூலிக்காரியிடம் விடாதே, அலை சின்னது என்று எழுதியிருக்கிறாய், கடல் கடல்தான். கல்லை வாயில் போடாமல் பார். இதையெல்லாம் நீ செய்வாய், இருந்தும் எழுதுகிறேன், எழுதும் வரைக்கும் நீங்கள் மூன்று பேரும் என் கண் முன்னால் அந்த வெயிலில் இருக்கிறீர்கள், பேனாவை வைத்தால் மறுபடி இந்த வீடுதான்.

எழுத்து இங்கே கோணிப்போயிருப்பதைப் பார்த்திருப்பாய். மத்தியானம் முதல் எனக்கும் முதுகில் குளிர் ஏறுகிறது. கொயினா விழுங்கிவிட்டேன், விலாசத்தை ரஹ்மா எழுதுவாள். இதற்காகவும் வராதே. என் தந்தி கிடைத்ததா, அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டீர்களா என்று ஒன்றும் அறியாமல் தபால்காரன் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடிதம் எழுதிக்கொண்டிராதே, கடிதம் வர நாளாகும். தங்குகிறோம் என்று இங்கிலீஷில் ஒரே சொல் தந்தி அடி. வந்த உடனே உம்மாவின் காதில் சொல்லவேண்டும், அவள் கேட்கிற நிலையில் இருக்கும்போதே சொல்லவேண்டும்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் அந்தக் கரையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும், உன் பொருளிலும் உடலிலும் பறக்கத் செய்யட்டும். றஸ்மியாவுக்கு எங்கள் சலாம், பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒன்று, உம்மாவுக்காக ஒன்று முத்தம் கொடு. தொழுகையை விடாதே. தந்தியை மறவாதே, ஒரு சொல் போதும்.

இப்படிக்கு,
உன் வரவை இப்போது விரும்பாத வாப்பா,
ஜமால்தீன்.