சூடாகும் முன்

பெப்ரவரி 10, திங்கள்

இன்றும் விடியவே வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு, விமானம் பராமரிக்கும் வேலைக்குப் போனேன். எங்கள் பறப்புப் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானம், ஆறிக் கிடந்த என்ஜினை முடுக்கியதும் காய்ச்சல்காரன் போல உதறியது. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி சீராக ஓடியது. தலைமைப் பொறியியலாளர் ஹபீஸ் நானா வரும்போது அது நல்ல பிள்ளை.

"காலைல எல்லா என்ஜினும் அப்பிடித்தான் தங்கச்சி. சூடானா சரி வரும்" என்றார்.

சூடானால் ஏன் சரியாகிறது என்று கேட்க ஆளில்லை. எனக்கு அதுதான் கேள்வி.

பெப்ரவரி 11

உதறும்போதே நிறுத்திவிட்டு, நான்கு சிலிண்டர்களின் புகைக்குழாய்களிலும் தண்ணீர் தெளித்தேன், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. மூன்றில் சுர்ரென்றது. நான்காவதில் சும்மா வழிந்தது. அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. புகையை வெளியே விடும் வால்வு கரி படிந்து இறுகியிருக்க வேண்டும். சூடேறியதும் விடுபடுகிறது. ஒரு நாள் விடுபடாது. அன்றைக்கு மேலே யார் இருப்பார்?

சனிக்கிழமை பர்ஹா இருப்பாள். எங்கள் மாணவி, கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளை, முதன்முறையாகத் தனியே பறக்கப் போகிறாள்.

பெப்ரவரி 13, வியாழன்

வால்வைப் பற்றிச் சொன்னதற்கு, ஹபீஸ் நானா மத்தியானம் என்ஜினை நன்றாக ஓட்டி, சூட்டோடு சூடாக அழுத்தம் அளந்தார். நான்கும் நன்றாம். பர்ஹாவின் பறப்புக்கு விமானம் சரி என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். சூட்டில் அளந்தால் பிழை தெரியாது, மாட்டேன் என்றேன். எல்லோர் முன்னாலும் ஏசினார்.

வீட்டில் என் கணவர் கார்த்திகனும் அவர் பக்கம். "எத்தினை வருஷம் பாத்த மனுசன், மயூரி. விடுமன்."

ஏன் விடோணும்? அவற்ற காது அவருக்கு, என்ர காது எனக்கு. விடமாட்டன்.

பெப்ரவரி 14

திறந்துவிட்டேன்.

யாரும் வருமுன் நான்காம் சிலிண்டரின் வால்வு மூடியைக் கழற்றினேன். ஒருவரையும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில், திறந்ததை மூடுகிறவர் தன் பெயரைப் போட வேண்டும். நான் போடமாட்டேன். வேறு யார் போடுவார், பார்ப்போம்!

ஹபீஸ் நானா வந்து முகம் சிவந்தார். தானே மூடுகிறேன் என்று பேனையை எடுத்தார். பார்க்காத வால்வுக்குப் பெயர் போட மனம் வராமல் வைத்துவிட்டார்.

ஆனால் முதல் அடி எனக்குத்தான். வால்வைத் தள்ளும் கம்பியை உருவி, அவருடைய மேசைக் கண்ணாடியில் உருட்டிக் காட்டினேன். வால்வு இறுகினால் கம்பி வளையும், வளைந்திருந்தால் உருளும்போது துள்ளும். அது துள்ளாமல் நேரே உருண்டோடியது. பார்த்தீர்களா என்றார். பிழை விட்டுவிட்டேனோ? வேலை போனால் போகட்டும் — இனி நான் ஒன்று சொன்னால் இங்கே யார் கேட்பார்?

இருந்தும் நிறுத்தவில்லை. பிளக் ஓட்டைக்குள் உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றைத் திணித்தேன், வால்வு உள்ளே விழாமல் தாங்குவதற்கு. ஸ்பிரிங்கைக் கழற்றினேன். கயிற்றைச் சற்று வெளியே இழுத்து, வால்வை விரலால் தள்ளினேன். லேசாக வழுக்க வேண்டியது, அசையவேயில்லை.

"நீங்களே தள்ளிப் பாருங்கோ நானா."

தள்ளினார். இரண்டு பெருவிரலாலும் தள்ளினார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

பெப்ரவரி 15, சனி

பர்ஹாவின் பறப்பைத் தள்ளிப்போட்டார்கள். நானும் ஹபீஸ் நானாவும் கரியைச் சுரண்டி எடுத்தோம். மூடியபின் நானே கையெழுத்திட்டேன்.

பின்னேரம் அவர் சொன்னார்: கேளாமல் திறந்ததற்கு இரண்டு கிழமை வேலைக்கு வராமல் வீட்டில் இருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் திங்களே வரலாம்.

மன்னிப்பா? எதுக்கு? ஒரு பிள்ளை விழாமல் இருக்கிறதுக்கா? கேக்கமாட்டன்.

பெப்ரவரி 18

வீட்டில். கோபம் ஆறவில்லை.

பெப்ரவரி 22, சனி

பர்ஹா தொலைபேசியில் கூப்பிட்டாள். தனியே மூன்று சுற்றுச் சுற்றி இறங்கினாளாம். மூன்று சுற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்துக் கேட்டேன்.

பிறகு ஹபீஸ் நானா போனை வாங்கினார். மற்ற விமானமும் காலையில் உதறுகிறதாம். ஒருவரையும் முடுக்க விடவில்லையாம், ஆறியபடியே வைத்திருக்கிறாராம். திங்கள் விடிய வர ஏலுமா என்று கேட்டார்.

"வாறன் நானா. ஆனா மன்னிப்புக் கேக்கமாட்டன்."



"ஆரு இப்ப அதக் கேட்ட?" என்றார்.