குளத்தில் போட்ட சோறு

மட்டாஞ்சேரி
12-05-2025

சிரஞ்சீவி ஸாதனாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று எழுத மனசு வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். அதனால்தான் கடிதம்.

வியாழக்கிழமை காலையில் கோவில் குளத்து மீனெல்லாம் செத்து மிதந்தது. தண்ணீர் அரைத்த கீரை மாதிரி இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கோவில் கமிட்டி உடனே கூடி, யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டியது. குளத்துக்கு எதிரே வாடகை அறையில், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சுடலைமணி இருக்கிறானே, அவன் ஒருநாள் தூண்டில் போட்டதை அப்பா பார்த்து விரட்டியிருந்தார். அது போதாதா? செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு அப்பாவே புகார் கொடுத்தார். சுடலைமணி இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அவன் பெண்டாட்டி வசந்தி நேற்று நம் வாசலில் வந்து அழுதாள். "பொழைக்க வந்தவங்க மாமி, சாமி மீனுக்கு விஷம் வைப்போமா?" என்றாள். நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். "நோக்கு ஒண்ணும் தெரியாது, சாயா போடு" என்றார் அப்பா. போட்டேன்.

எனக்கா தெரியாது? போன வருஷம் நீ இந்தக் குளத்துத் தண்ணீரை எர்ணாகுளத்து லேபில் பரிசோதித்து, கமிட்டிக்கு ரிப்போர்ட் கொண்டு வந்தாய். தெருச் சாக்கடையும், மீனூட்டு என்று நாம் மீனுக்குக் கொட்டுகிற சோறும் அழுகிப் பாசிக்கு உரமாகிறது, ஒருநாள் மீன் மூச்சுத் திணறிச் சாகும் என்றாய். அப்பா அத்தனை பேர் எதிரில் அதைக் கிழித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் நீ பூனாவுக்குப் போய்விட்டாய்.

உன் கல்யாணத்துக்காக நான் சனிக்கிழமைதோறும் ஒரு நாழி அரிசிச் சோறு போட்டு வந்தேன். நீ அப்படிப் பேசியது தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பயந்து, அதன் பிறகு இரண்டு நாழியாக்கினேன். அந்தப் பாவி மீன்கள் எவ்வளவைத்தான் தின்னும்?

ரிப்போர்ட்டின் நகல் உன்னிடம் இருக்கும். இந்த வீட்டுக்கு அனுப்பாதே. வசந்தியின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அவளுக்கு அனுப்பு. முடிந்தால் கோர்ட்டுக்கு நீயே வா. அப்பா எதிரில் நிற்பார், நிற்கட்டும். சோறு போட்டது யார் என்று கேட்டால் அம்மா என்று சொல்லு, குழந்தை. நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா
லோகாம்பாள்