பெற்றோர் கையெழுத்து

1970

ஜூன் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். கிணற்றுத் தண்ணீர் இறைத்து உள்ளங்கை எரிகிறது.

கோவையிலிருந்து ஆத்தா கூடப்பிறந்த அம்மான் கடிதம். மில்லில் எனக்கு இடம் பேசி வைத்துவிட்டாராம். சாண்ட்விச் கோர்ஸ். ஆறு மாதம் மில் வேலை, ஆறு மாதம் காலேஜ், மறுபடி மில், மறுபடி காலேஜ். ஐந்து வருடம் இப்படியே. முடித்ததும் அங்கேயே உத்தியோகம். வியாழன் நேர்முகம்.

அப்பச்சி மூன்று தரம் வாசித்தார். முகமெல்லாம் சிரிப்பு. பி.எஸ்ஸி. கணிதம், பி.எஸ்ஸி. கணிதம் என்று ஒரு வருடமாகக் கத்துகிறேனே, அது யார் காதில் விழுந்தது? உள்ளூர்க் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. 18ஆம் தேதிக்குள் சேர வேண்டும். பாரத்தில் தகப்பனார் கையெழுத்து மட்டும் பாக்கி; அதை அப்பச்சிதான் போட வேண்டும்.

ஆத்தா கேட்டது: "அதென்னடா சாண்ட்விச்சு?"

சாப்பிட வந்திருந்த அயித்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், முந்திக்கொண்டார்: "ரெண்டு ரொட்டிக்கு நடுவுல தக்காளிய வச்சு அமுக்குறது அயித்தை."

தக்காளி நான்தான்.

ஜூன் 11, வியாழன். கோவை

நல்ல காற்று இங்கே. அதைக் குறை சொல்ல முடியாது. மில்லுக்குள் பஞ்சுத் தூசி. எண்ணினேன், பதினேழு தும்மல்.

மூன்றாம் வருடம் படிக்கும் ஒருத்தரிடம், படிப்பு எப்படி என்று விசாரித்தேன். "மில்லுல இருந்து திரும்பறக்குள்ள படிச்சதெல்லாம் மறந்து போயிருதுங்க தம்பி. மறுபடியும் மொதல்ல இருந்துதானுங்க."

இது போதாதா?

நேர்முகத்தைக் கெடுத்துவிடுவது என்று முடிவு. மேனேஜர், "இந்தப் படிப்புல என்ன புடிச்சிருக்கு தம்பி?" என்றார். "ஒண்ணும் புடிக்கலை சார். பாதியில எந்திரிச்சுப் போறது எனக்கு ஆகாது" என்றேன். மனிதர் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்! "இப்படி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசற பையந்தானுங்க நமக்கு வேணும்." தேர்வு. அம்மானிடம் கைகுலுக்கல் வேறு.

பாழாய்ப்போச்சு. இனி நானே வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னால்தான் உண்டு.

அம்மான் வாங்கிக் கொடுத்த மைசூர்பாகு, சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். பேனா மை கசிந்து சட்டைப்பை நாசம். சாக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த மாம்பழம் புளிப்பு.

யோசித்ததில்:
கோவைக்குச் சாதகம் – உத்தியோகம், சம்பளம், அப்பச்சி சிரிப்பு, காற்று.
பாதகம் – எனக்கு இஷ்டமில்லை.
கீழே உள்ளது ஒன்றானாலும் அதுதான் கனம்.

சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். கோவை வேண்டாம்.

அப்பச்சி: "பன்னெண்டு வயசுல பினாங்குக் கடைக்கு அனுப்புனாக என்னைய. கடையவும் கூட்டுனேன், கணக்கும் கத்துக்கிட்டேன். வேலையோட படிச்சா என்ன கொறைஞ்சா போச்சு?"

"நீங்க கணக்குக் கத்துக்கிட்டீக. நான் கணிதம் படிக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"இல்லை அப்பச்சி."

"மூணு வருசம் முழுநாளும் உக்காந்து என்னடா செய்வ?"

"உக்காந்து படிப்பேன்."

அயித்தானுக்குப் பொறுக்கவில்லை. "நீ இன்னும் புள்ளியே ஆகலை. அதுக்குள்ள முடிவு சொல்ல வந்துட்டாக!" கல்யாணம் ஆனால்தானே நம் கோயில் கணக்கில் ஒருத்தனைத் தனிக் குடும்பமாக, புள்ளி என்று சேர்ப்பார்கள். அதைக் குத்திக் காட்டுகிறாராம்.

விடுவேனா? "புள்ளிக்கு நீளமும் கெடையாது, அகலமும் கெடையாது அயித்தான். இடம் மட்டுந்தான் உண்டு. எனக்கும் இடம் கெடைச்சிருச்சு. அது போதும்."

ஆத்தா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடிவிட்டது. அப்பச்சி எழுந்து போனார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 17, புதன்

அப்பச்சி கண்டனூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சனிக்கிழமைதான் வருவாராம். பாரம் அவர் மேஜைமேல், கையெழுத்தில்லாமல். மறதியா? அவருக்கா? வேண்டுமென்றேதான்.

நாளை கடைசி நாள். கோபம், கோபம். கோவைக்கு மூட்டை கட்ட மாட்டேன். சும்மா வீட்டில் கிடந்தாலும் கிடப்பேன்.

ஜூன் 18, வியாழன்

காலை ஏழு மணி. ஆத்தா பாரத்தை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தது. "இதுல அப்பச்சின்னா போட்டிருக்கு?"

"பெற்றோர்னு போட்டிருக்கு."

"பெத்தது நானு. கொண்டா பேனாவை."

ஒவ்வோர் எழுத்தாக எழுதியது. மீனாட்சி. 'ட்'டுக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்பி வந்து வைத்தது. "அப்பச்சி வந்து கேட்டா என்ன சொல்லுவீக?" என்றேன். "நான் பெத்தேன்னு சொல்லுவேன்."

இத்தனை நாளாக அந்தத் தாளை நான் சரியாக வாசிக்கவே இல்லை. கணிதம் படிக்கப் போகிற லட்சணம்!

ஆபீஸ் கிளார்க், "தகப்பனார் இல்லையா?" என்று கேட்டார். "இருக்காக. சம்மதமில்லை." மீனாட்சி என்ற கையெழுத்தைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார். சேர்ந்துவிட்டேன்.

ஜூன் 20, சனி

மா. 4 மணிக்கு அப்பச்சி வந்தார். ஆத்தா சொல்லிவிட்டது. சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அம்மானுக்கு அவரே கடிதம் எழுதித் தபாலில் போட்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. என்னோடு பேச்சில்லை.

வருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காகப் போய்க் காலில் விழ மாட்டேன்.

ஜூன் 29, திங்கள்

முதல் நாள் வகுப்பு. செருப்பு அறுந்து, பாதி வழி கையில். மூன்றாம் பெஞ்சு, ஜன்னல் ஓரம். பத்து மணி முதல் நாலு மணி வரை. சார் போர்டு நிறைய எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ஒரு வரியும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவனுக்கும் விளங்கவில்லையாம்.

வீட்டுக்குள் நுழைந்தால் எதிரே அப்பச்சி. ஒன்பது நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"என்னடா சொல்லிக் குடுத்தாக?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஒண்ணும் வெளங்கலை அப்பச்சி."

"அப்ப என்ன செய்யப் போற?"

"நாளைக்கும் போய் உக்காருவேன்."