பய்யா என்று சொன்னேன்

அண்ணே,

நேற்று வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் ஹாலில் கிடந்த சோபாவை நகர்த்தினார்கள். பின்னால் சுவரில், என் முழங்காலுக்கும் கீழே, நீல நிற இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. சின்ன விரல்கள் பிடித்து இழுக்கத் தோதாக ஒரு முனை மட்டும் மடித்து விடப்பட்டிருந்தது. பிய்த்துவிடவா என்று பெயிண்டர் கேட்டார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு நாலு மாதம் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

இதே ஊரில் போபோடியில் நீ குடியிருந்து வேலை பார்த்த மோட்டார் வைண்டிங் கடையை மூடிய சமயம் அது. மீராவுக்கு ஒன்றரை வயது. பாணேரில் இந்த வீட்டிலிருந்தபடியே நான் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களும் நிலைக்கவில்லை. கையில் போன் இல்லாமல் மீராவுக்கு ஒரு வாய் இறங்காது. "நான் வாரேன்ட்டி, சும்மாதான இருக்கேன்" என்றாய். கல்யாணமே ஆகாதவன், பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வேறு வழி இல்லை.

முதல் நாள் என் பழைய போனை உன்னிடம் கொடுத்து, "அழுதா இதப் போட்டுக் குடு" என்றேன். நீ அதை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டாய். மூன்று நாள் மீரா தொண்டை கிழிய அழுதாள். நீ அவளைத் தூக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு கூடையிலிருந்த உருளைக்கிழங்கை இன்னொரு கூடைக்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாய். நாலாம் நாள் காலை அவளே வந்து ஒரு கிழங்கை எடுத்து உன் கூடையில் போட்டாள்.

அதன் பிறகு எத்தனை வேலைகள். தொட்டியில் தண்ணீரை டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றுவது. காய்ந்த துணியிலிருந்து கிளிப்புகளைக் கழற்றி டப்பாவில் போடுவது. ஈரத்துணியால் தரையைத் துடைப்பது, பிறகு துடைத்த இடத்திலேயே தண்ணீரைக் கொட்டி மறுபடியும் துடைப்பது. வீடு நனைகிறது என்று கத்தினேன். "பிள்ளைய அடக்கி வைக்கணும்னு நெனைக்காதட்டி. ஒரு வேலையக் குடு, அது பாட்டுக்கு இருக்கும்" என்றாய். சுவரில் டேப் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைப்பாய். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரிப்பாள். நான் ஆசையாக "மீரா" என்று கூப்பிட்டால் வாயில் விரல் வைத்துக் காட்டுவாய்.

அப்படி ஒரு நாள், வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மீரா வந்தாள். பின்னாலேயே நீ, மண்டி போட்டு, லுங்கியும் பனியனுமாக. கழுத்தில் என் துப்பட்டா, அதன் நுனி அவள் கையில். கன்னம் இரண்டிலும் நீல டேப். மாடு மாதிரி ஒரு சத்தம் வேறு. திரையில் எல்லாரும் சிரித்தார்கள். யார் அது என்று மேலதிகாரி கேட்டார்.

"அரே, பய்யா ஹைன். பச்சி கோ சம்பால்தே ஹைன்" என்றேன். பய்யா, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்று.

இந்தியில் பய்யா என்றால் அண்ணன். ஆட்டோக்காரரும் காய்கறிக்காரரும் வாட்ச்மேனும் பய்யாதான். அந்த நொடியில் அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் வேலைக்காரர் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். "எங்களுக்கும் இப்படி ஒரு பய்யா கிடைத்தால் தேவலை" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். என்னைவிட உனக்கு இந்தி நன்றாக வரும். நீ மெல்ல எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாய்.

அதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் ஒரு மதியம் ஆபீசிலிருந்து நாலு பேர் சாப்பிட வந்தார்கள். நீ தரையில் மீராவோடு கிளிப் எண்ணிக்கொண்டிருந்தாய். இவர்களுக்கு உன்னை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"மேடம், மை இஸ்கோ நீச்சே லே ஜாதா ஹூன்" என்றாய். கீழே கூட்டிப்போகிறேன் என்று. என்னைப் பார்த்து. மேடம் என்று.

"டீக் ஹை, பய்யா" என்று தலையாட்டினேன்.

லிஃப்டுக்குப் போகும்போது மீரா "மாமா, மாமா" என்று உன் காதைப் பிடித்து இழுத்தாள். கூட வேலை பார்க்கும் அஸ்வினி, என்ன அழகாக மாமா என்று கூப்பிடுகிறாள் என்றாள். மராத்தியிலும் மாமா தாய்மாமன்தான். ஆனால் இந்த ஊரில் போலீஸ்காரரைக்கூட அப்படிக் கூப்பிடுவார்கள். பிள்ளை உண்மையைச் சொல்லியும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பிரியாணியைப் பரிமாறினேன்.

அவர்கள் போன பிறகுதான் நீ திரும்பி வந்தாய். தூங்கிப்போன மீராவைக் கட்டிலில் கிடத்தினாய். கை கழுவிக்கொண்டிருந்த உன் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன் அண்ணே மேடம்னு சொன்ன?"

"நீ சொன்னதுக்கு ஒத்து வரணும்லா" என்றாய்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். துண்டில் கையைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு ஒரு அட்டப்பெட்டி இருந்தா எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய்.

அதன் பிறகு நாலு மாதம் தினமும் வந்தாய். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போபோடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். விடுப்புக் கேட்டபோது அண்ணன் இறந்துவிட்டார் என்று எழுதினேன். உனக்கு அண்ணன் உண்டென்றே தெரியாதே என்று அஸ்வினி பதில் போட்டாள். அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றரை வயது. வந்ததிலிருந்து போன் கேட்டு ஒரே அழுகை. நான் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைக் கூடை மாற்ற ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் அவனும் மாற்றிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். மீரா அறைக்குள் வரைந்துகொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"என் அண்ணன்கிட்ட. அன்னைக்கு நீ இங்க பார்த்த பய்யா. அவர்தான் என் அண்ணன். கூடப் பிறந்தவர்" என்று இந்தியில் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். பிறகு மராத்தியில் மெதுவாகக் கேட்டாள். "நாம இங்க சாப்பிட்டோமே, அன்னைக்கு அவர் எங்க சாப்பிட்டார்?"

எனக்குத் தெரியவில்லை, அண்ணே. மீராவுக்கு ஊட்ட இட்லியை டப்பாவில் போட்டுக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. உனக்கு என்ன கொடுத்தேன் என்று எத்தனை யோசித்தாலும் வரவில்லை. நீ வந்த பிறகும் கேட்கவில்லை. இத்தனை நாளும் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.