இந்தப் பக்கம் வாங்க

என்னங்க,

உங்களை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. இன்று நம் தெருமுனை சுகாதார நிலையத்துக்குப் போனேன். மனநலத்துக்கென்று புதிதாக ஓர் அறை திறந்திருக்கிறார்கள். அமைச்சர் வெட்டிய ரிப்பன் இன்னும் கதவில் தொங்குகிறது.

காய்ச்சலும் பல்வலியுமாகப் பெஞ்சு நிறைய ஆட்கள். சீட்டு கொடுப்பவர் கத்தினார்: “மனசு சரியில்லாதவங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்க!”

யார் எழுந்திருப்பார்கள்?

“முதல்ல நீங்க போங்க சார், உங்களுக்குத்தான் அவசரம்” என்று அவரையே பார்த்துச் சொன்னார் பெஞ்சில் இருந்த ஒருவர். பெஞ்சே சிரித்தது. நான் எழுந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே ஆலோசகராக ஒரு சின்னப் பெண். “எப்பலேர்ந்துக்கா தூக்கம் வரல?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவ்வளவுதான், அழுது தீர்த்துவிட்டேன்.

போன வருடம் இதே கட்டடத்தில் நீங்களும் தூக்கம் வரவில்லை என்றுதானே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்? டாக்டர் தலை நிமிராமலே சத்து மாத்திரை எழுதினார். முகம் பார்த்து ஒரு கேள்வி கேட்க ஆள் போடுவதற்கு இவர்களுக்கு இவ்வளவு காலமா ஆக வேண்டும்?

“வீட்ல துணைக்கு யாருக்கா இருக்காங்க?” என்றாள். வீட்டுக்காரர் இருக்கிறார் என்றேன். போன வாரம் பார்க்க வந்தபோது நீங்கள் என்னிடம், “நீங்க யாரு?” என்று கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி