வட்டத்தில் என் வலப்பக்கம்

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று காலை ஜெப வட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். ஓவிய சாருக்கும் உயிரியல் டீச்சருக்கும் நடுவில் இடித்துக்கொண்டுதான் உட்கார இடம் கிடைத்தது. திங்கள்கிழமை என்றால் எங்கள் பள்ளியில் மணி அடிக்கும் முன்பே ஆசிரியர்கள் எல்லோரும் நூலக அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுவோம். அவரவர் தமக்கு இடப்பக்கம் இருப்பவருக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். பள்ளி தொடங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். எனக்கு வலப்பக்கம் இருந்த ஓவிய சார், "டீச்சரோட குரல் கரகரப்பை நீக்கும் ஆண்டவரே" என்று உருகினார். அது போன வருஷத்துக் கரகரப்பு. மனிதர் பழைய ஜெபத்தையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

என் உண்மையான தொல்லை அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. போன வாரம் ஒன்பது பி வகுப்பில், காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றின் நடுவில், எனக்கு எல்லாம் நின்றுபோனது. கையில் சாக்பீஸ், பலகையில் பாதிக் கணக்கு, தலைக்குள் ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷமாகப் போடுகிற கணக்கு! "மீதியை நீங்களே போடுங்க, பாக்கலாம்" என்று சமாளித்தேன். சமாளித்ததைப் பிள்ளைகள் கண்டுபிடித்திருப்பார்களோ?

களைப்பாக இருக்கும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

களைப்பு இல்லை. இன்றும் அதே வகுப்பு, அதே இடம். முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், ஏன் நிறுத்திட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மெல்லிய குரல்தான் என்னைக் கொன்றது. தண்ணீர் குடிப்பதுபோல வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

மாலையில் மழலை வகுப்பு அக்காவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு முன்பே இந்தப் பள்ளிக்கு வந்தவர். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அக்காதான். அவருடைய வகுப்பறையில் முழங்கால் உயர நாற்காலிகளில் இருவரும் மடங்கி உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

"சேச்சே. எனக்கும் ஆண்டவருக்கும் தவிர யாருக்குத் தெரியப்போகுது?"

மனம் கொஞ்சம் லேசானது. சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை, அக்காதானே.

செப்டம்பர் 1, திங்கள்

எழுதக்கூடக் கை வரவில்லை.

இன்று வேண்டுமென்றே அக்காவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். பழைய கரகரப்புக்கு ஜெபிக்கிறவரைவிட அக்கா மேல் என்று நினைத்தேன். அக்கா கண்ணை மூடினார். தொடங்கும்போதே குரல் உடைந்தது. "ஆண்டவரே, என் தங்கச்சி பிள்ளைங்க முன்னாடி நிக்கவே பயப்படுறா. போர்டுல பாதிக் கணக்குல எல்லாம் மறந்துபோகுதாம். வகுப்பை விட்டு வெளிய வந்து நிக்கிறாளாம். அவளுக்குப் பலத்தைக் கொடும்—"

எல்லோரும் "ஆமென்" சொன்னார்கள். அதுவும் என்றைக்கும் இல்லாத அழுத்தத்தோடு.

வெளியே வந்து கேட்டேன். "என்ன அக்கா பண்ணிட்டீங்க?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான் ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? எல்லோரும் கண்ணைத்தான் மூடியிருந்தார்கள், காதை மூடவில்லையே.

செப்டம்பர் 2, செவ்வாய்

அக்காவிடம் பேசவில்லை. பேசப்போவதும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பரிதாபத்தை இப்படிப் பந்தி வைத்துப் பரிமாறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உயிரியல் டீச்சர் தலைக்குத் தேய்க்கத் தைலம் கொண்டுவந்தார். உடற்பயிற்சி சார் மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று நடைபாதையிலேயே செய்துகாட்டினார். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களிடமிருந்து தப்பிப்பது எவ்வளவு கஷ்டம்.

இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெருக்கல் சாரைத்தான் முடியவில்லை. கணக்குத் துறையில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். ஒன்றைச் சொன்னால் ஒன்பதாக்கிப் பரப்புவார், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். "நீங்க கஷ்டப்படாதீங்க டீச்சர். ஒன்பது பி-யை நான் எடுத்துக்கிறேன். நீங்க சின்ன வகுப்புகளைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார்.

எனக்குத் தெரியும். பெரிய வகுப்பை ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். இங்கே யாருக்கும் கொடுத்ததில்லை. என்னிடம் இருப்பது அந்த ஒரு திறமைதான். அதையும் இரக்கப்பட்டுப் பிடுங்கினால் நான் யார்?

செப்டம்பர் 5, வெள்ளி

தலைமை ஆசிரியை கூப்பிட்டார். பேசுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனேன். ஒன்றும் பயன்படவில்லை.

"வாசல் சுவத்துல என்ன எழுதியிருக்கு டீச்சர்?" என்றார்.

"பயமின்றிக் கற்போம்."

"அது பிள்ளைங்களுக்கு மட்டுமா?"

அவரே பேசினார். அரங்கத்துக்கு வண்ணம் அடிக்க வைத்திருந்த பணத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியாளரை அமர்த்தப்போகிறாராம். "சுவரு இன்னும் ரெண்டு வருஷம் உரிஞ்சே கிடக்கட்டும்." ஒவ்வொருவரும் வருஷத்தில் ஒருமுறை தன் வகுப்பைத் திறந்துவைக்க வேண்டும், மற்ற ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு முன் வியாழன்தோறும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாடம் தயாரிக்க வேண்டும். அந்த நேரத்தில் என் ஆறாம் வகுப்பைத் தலைமை ஆசிரியையே எடுத்துக்கொள்வாராம்.

"முதல்ல யாரு மேடம்?"

"நீங்க."

ஒன்பது பி-யிலா என்று கேட்டேன். ஒன்பது பி-யில்தான் என்றார். அது முடிந்த பிறகு அடுத்த பருவத்துக்கு வகுப்புகளைப் பிரிப்பாராம்.

ஆக, தூக்குக் கயிற்றுக்கு முன்னால் விருந்து. வேறென்ன?

செப்டம்பர் 11, வியாழன்

பயிற்சியாளர் என் வயதுக்காரர்தான். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. "எந்த இடத்துல நிக்குது?" என்று மருத்துவர்போலக் கேட்டார். நடு உறுப்பைப் பிரித்த பிறகு, மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்குப் போகும் இடம் என்றேன். "அந்த இடத்துல பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். பார்த்து எழுதுவார்கள் என்றேன். "அப்ப அந்த இடத்துல வகுப்புல யோசிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வந்தது.

பள்ளியிலிருந்து கிளம்பும் முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "டீச்சர், பெரிய டீச்சர் பின்னக் கணக்குல தப்பு பண்ணிட்டாங்க. நாங்க திருத்தினோம்." என்ன சொன்னார் என்று கேட்டேன். "தேங்க்ஸ் சொன்னாங்க." சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் அக்கா எனக்காக நின்றார். நான் செருப்பைத் தேடுவதுபோல வேறு பக்கம் போய்விட்டேன்.

வீட்டில் இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழில். உலகத்தில் எதைச் சொன்னாலும் வண்டிக்குள் ஏற்றிவிடுவார்.

"என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, தெரியுமில்ல?"

"இப்ப அதுக்கு என்ன?"

"அதை நான் மிதிக்கிறதே இல்ல. ஆனா அது இருக்குன்னு தெரிஞ்சாதான் ஓட்டுறவங்க கை நடுங்காம ஓட்டுவாங்க. உன் வகுப்புல பின்னாடி உக்காரப் போறவங்களை அப்படி நெனச்சுக்கோ."

"அவங்க பிரேக் பிடிக்க வரல. லைசென்ஸைப் பிடுங்க வர்றாங்க."

இவர் எழுந்துபோய்த் துணி மடித்தார். பாவம்தான். என் வாய் இப்போதெல்லாம் தேள் கொடுக்காக இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

வட்டத்தில் அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அக்கா தன் இடப்பக்கம் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். தாமதமாக வந்த உடற்பயிற்சி சார் அதில் உட்கார்ந்தார். அக்கா அவருக்காக மெல்ல, ஏதோ பொதுவாக ஜெபித்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

என் வகுப்பைத் திறந்துவைப்பது வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை என்று முடிவாகிவிட்டது. பார்க்க வருபவர்கள்: தலைமை ஆசிரியை, பயிற்சியாளர், பெருக்கல் சார், உயிரியல் டீச்சர். ஐந்தாவதாக அக்கா. மழலை வகுப்புக்காரருக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் என்ன வேலை? அவரே கேட்டு வாங்கினாராம்.

பெருக்கல் சார் இன்று என்னிடம் ஒன்பது பி-யின் தேர்வுத்தாள்களைக் கேட்டார். "சும்மா, பிள்ளைங்க எந்த நிலையில இருக்காங்கன்னு பாத்து வச்சுக்கலாம்னு." நான் கொடுக்கவில்லை. இன்னும் என் வகுப்புதான்.

செப்டம்பர் 24, புதன்

தலைமை ஆசிரியையிடம் போய், சார் எடுத்துக்கட்டும் மேடம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் நாளைக்கு நிற்க வேண்டாம். சொன்னால் — நாளை மறுநாளும் நிற்க வேண்டாம். அதற்கு அடுத்த நாளும்.

சொல்லமாட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

முடிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

6x² + 17x + 12. நடு உறுப்பை எட்டாகவும் ஒன்பதாகவும் பிரித்தேன். மூன்றாவது வரி: 2x(3x + 4) + 3(3x + 4). நான்காவது வரி (2x + 3)(3x + 4). எழுதிவிட்டேன். எழுதித் திரும்பினேன். பின்வரிசையில் ஐந்து பெரிய முகங்கள். அவ்வளவுதான், போய்விட்டது. அடுத்து என்ன சொல்ல வேண்டும், ஏன் இதை எழுதினேன், ஒன்றும் இல்லை. பெருக்கல் சார் பேனாவை மூடித் திறந்தார்.

வெளியே போகக் காலெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன்.

அப்போது பின்னால் ஒரு கை உயர்ந்தது. அக்கா. பார்க்க வந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

"டீச்சர், எனக்குப் புரியல. மூணாவது வரியில (3x + 4) ரெண்டு தடவை இருக்கு. கீழ ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க போச்சு?"

பெருக்கல் சார் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வகுப்பு சிரிக்கும் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசைப் பெண்ணும் சேர்ந்து பலகையையே பார்த்தாள். "ஆமா டீச்சர், எங்க போச்சு?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமும் புரியாமலேயே பார்த்து எழுதினார்களா?

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு எல்லாம் திரும்பி வந்தது.

"அது ஒரு பெட்டின்னு வச்சுக்கோங்க" என்று பலகையில் பெட்டி வரைந்தேன். "இந்தப் பக்கம் 2x பெட்டி, அந்தப் பக்கம் மூணு பெட்டி. எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி. மொத்தம் எத்தனை?"

"2x-உம் மூணும் சேர்ந்து" என்றார்கள். "அப்ப பெட்டி எங்கயும் போகல டீச்சர், சேர்த்து எண்ணியிருக்கோம்" என்றாள் முதல் வரிசைப் பெண். அடுத்த கணக்கை அவர்களே போட்டார்கள். மணி அடித்தது காதில் விழவில்லை.

முடிந்தபின் தலைமை ஆசிரியையின் அறையில் பேச்சு. ஆசிரியரைப் பற்றிப் பேசக் கூடாது, பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார் பயிற்சியாளர். பெருக்கல் சார் தன் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டினார். பிறகு, "அந்தக் கேள்விய என் வகுப்புல ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். அதைப் பெருக்காமல் அப்படியே சொன்னார்.

படிக்கட்டில் அக்காவை நிறுத்தினேன். "என்னைக் காப்பாத்தத்தானே கேட்டீங்க?"

"இல்ல கண்ணு. நிஜமாவே புரியல." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு நான் பண்ணது தப்பு. கண்ணை மூடினதும் அங்க யாருமே இல்லன்னு நெனச்சுட்டேன்."

அவர் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை கூட நடந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஒன்பது பி என்னிடமே. பயம் போய்விட்டதா? இன்று காலையும் ஒரு வரியில் நின்றேன். "இருங்க, யோசிக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். காத்திருந்தார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

அக்கா தன் வகுப்பறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்கச் சொல்லி, பள்ளியே கட்டணம் கட்டுகிறேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். அக்காவின் முகத்தில் சந்தோஷமே இல்லை. அவர் ஏன் பாதியில் விட்டார் என்பதை அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். இங்கே வேறு யாருக்கும் தெரியாதாம்.

அதை நான் இதில்கூட எழுதப்போவதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நேரத்தோடு போய் அக்காவை என் இடப்பக்கம் உட்காரவைத்தேன். என் முறை வந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. திறந்திருந்த அத்தனை காதுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, அக்காவைப் பத்தி உமக்குத் தெரியும். ஆமென்."

"அவ்வளவுதானா?" என்று முணுமுணுத்தார் பெருக்கல் சார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது.

வியாழக்கிழமை ஆறாம் வகுப்பைத் தலைமை ஆசிரியை தொடர்ந்து எடுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் அக்கா பட்டப்படிப்புக்காக என்னிடம் கணக்குப் படிக்க வருகிறார்.